புதினாவியல்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலை நூலென்றே ஒப்புக்கொள்ளாத மரபு நம்முடையது. ஆகவே புதினாவைத் தொடுவதற்கு முன் அந்தச் சடங்கை முடித்துவிடுவோம்.

நூல் வந்த வழி: பாட்டிமார் சொன்னது, கீரைக்கார அம்மா சொன்னது, தோட்டக்கலைக் கையேடுகள் சொன்னது, மூன்றும் முட்டிக்கொள்ளும் இடங்களில் செடி சொன்னது. எல்லை: வடக்கே துணி காயும் கொடி, தெற்கே தண்ணீர்த் தொட்டி, கிழக்கிலும் மேற்கிலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். கேட்டற்கு உரியோர்: சந்தையில் ஒரு கட்டு வாங்கி வந்து, இலையை ஆய்ந்து முடித்தபின், தண்டைக் குப்பையில் போட மனம் வராமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள். பயன்: துவையல். அரங்கேற்றம் இன்னும் நடக்கவில்லை. அவையோராக அமர்த்த நினைத்த வீட்டார், "முதல்ல மேல போய்த் தண்ணி ஊத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

நுதலிய பொருள் ஒன்றே. வீட்டுத் தொட்டியில் புதினா சாவதற்கு வெயிலும் பூச்சியும் இரண்டாம் நிலைக் காரணங்கள், முதற்காரணம் மரியாதை. எந்த வீட்டில் புதினாவை மதிக்கத் தொடங்குகிறார்களோ அந்த வீட்டில் அது நெடுநாள் தங்குவதில்லை. இதை நிறுவவே பின்வரும் இயல்கள் எழுந்தன.

குடிவழியியல்

நாற்புறத் தண்டும் நறுமண இலையும்
வேர்ப்புறம் ஓடும் விரைவும் உடைத்தே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், புதினாவை இனம் காணுமாறு உணர்த்துதல் நுதலிற்று.

தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். சரளமாக உருளாது, இடறும். நான்கு பட்டை இருக்கிறது. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் வரும். ஒரு கணுவில் கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த கணுவில் வடக்கு தெற்காக நிற்கும். பட்டைத் தண்டும் எதிரிலையும் லேமியேசி என்னும் பெருங்குடும்பத்தின் அடையாளங்கள். 1753இல் லின்னேயஸ் 'மெந்தா ஸ்பிகேட்டா' என்று பெயரெழுதி வைத்த செடிதான் நம் சந்தையில் பெரும்பாலும் கட்டுக்கட்டாக விற்கிறது. மெந்தா இனத்தில் மொத்தம் எத்தனை வகை என்பதில் தாவரவியலாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. அவை தங்களுக்குள் கலப்பு மணம் செய்துகொள்வதில் காட்டும் தாராளம் அப்படி.

தொல்காப்பியரிடம் கொண்டுபோனால் வேறு சிக்கல். மரபியலில் அவர் வகுத்த வகுப்பு திட்டவட்டமானது: புறத்தே வைரம் உடையவை புல்; அகத்தே வைரம் உடையவை மரம். பனையும் மூங்கிலும் அவர் கணக்கில் புல். புதினாவைக் கிள்ளிப் பார்த்தால் புறத்திலும் வைரமில்லை, அகத்திலும் வைரமில்லை. ஆகவே அது புல்லும் அன்று, மரமும் அன்று. அற்றேல் அதனை ஓரறிவுயிர் எனலாமோ எனின், எனலாம். ஓரறிவாவது தொடுவுணர்வு. புதினா தொட்டால்தான் மணக்கிறது, தொடாவிட்டால் சும்மா இருக்கிறது. ஆகவே அதற்குத் தொடுவுணர்வு உண்டென்பது வெளிப்படை என்க. (மணத்தைச் சுமக்கும் எண்ணெய் இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கிறது, கை பட்டதும் அவை உடைகின்றன என்று அறிவியலார் இதற்கு வேறு உரை சொல்வர். அதுவும் ஒக்கும்.)

கபிலரும் கைகொடுக்கவில்லை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை மூச்சுவிடாமல் அடுக்கியவர் புதினாவைச் சேர்க்கவில்லை. நம் சமவெளியில் அது பூத்துப் பார்த்தவர்கள் குறைவு என்று அவருக்காக ஒரு சமாதானம் சொல்லலாம். பகல் நீண்ட நாடுகளின் கோடையில்தான் அது இளம் ஊதாவில் கதிர் கதிராகப் பூக்கும். ஆனால் அதே பட்டியலில் புதினாவின் சொந்தக்காரர்கள் இருவருக்கு அடுத்தடுத்து இருக்கை கிடைத்திருக்கிறது: தும்பை, துளசி.

குடும்ப வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. இந்த லேமியேசியில் யார் யார் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தும்பை போர்க்களத்துப் பூ. அதன் பெயரில் ஒரு புறத்திணையே இருக்கிறது. நொச்சி மதில் காப்பவர் சூடும் பூ. அதன் பெயராலும் ஒரு திணை. தேக்கை முன்பு வேறொரு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பிறகு ஆராய்ந்து இந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது செட்டிநாட்டு வீடுகளில் தூணாகவும் கதவாகவும் நிமிர்ந்து நிற்கிறது. துளசிக்கு மாடம் கட்டி, கோலம் போட்டு, விளக்கேற்றிச் சுற்றி வருகிறோம். புதினாவுக்குக் கிடைத்தது காலிப் பெயின்ட் வாளி. அதுவும் பிடி உடைந்தது.

அநீதி என்று படும். ஆனால் மாடம் ஏறியதற்குத் துளசி கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். அதைப் பறிக்க நாள் பார்க்கிறோம். துவாதசியன்று தொடக்கூடாது என்கிறோம். பொழுது சாய்ந்தால் கிள்ளக்கூடாது என்கிறோம். புதினாவுக்கு இந்த விதிகளில் ஒன்றும் இல்லை. இரவு எட்டரைக்கு, கையில் கைப்பேசி வெளிச்சத்தோடு, செருப்புக் காலோடு போய்க் கிள்ளலாம். இந்த மரியாதைக் குறைவே அதன் ஆயுள் பலம். இது வெட்டியலில் விரியும்.

மணவியல்

'புதினா குளிர்ச்சி' என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்தப் புதினா என்று யாரும் கேட்பதில்லை.

தைலத்திலும் பற்பசையிலும் மிட்டாயிலும் சில்லென்று இழுப்பது மென்தால். அதன் மூலம் வேறு வகைகள்: மிளகுப் புதினா என்னும் பெப்பர்மின்ட், இன்னொன்று மெந்தா ஆர்வென்சிஸ். இந்தப் பின்னதை உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கி வட்டாரத்தில் வயல் வயலாகப் பயிரிட்டு, காய்ச்சி வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள்; உலகின் இயற்கை மென்தாலில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. மென்தால் உண்மையில் எதையும் குளிர்விப்பதில்லை. குளிர் பட்டால் திறக்கும் ஒரு வாயில் நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. டிஆர்பிஎம்8 என்பது அதன் பெயர். மென்தால் அந்த வாயிலைத் தட்டித் திறந்துவிடுகிறது. மூளை ஏமாந்து குளிருகிறது என்று நினைத்துக்கொள்கிறது. 2002இல் டேவிட் ஜூலியசும் ஆர்டம் பட்டபூட்டியனும் தனித்தனியாக, மென்தாலையே கருவியாகக் கொண்டு, இதைக் கண்டறிந்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2021இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் வாளியில் இருக்கும் புதினாவுக்கு இந்தப் பெருமையில் பங்கு சொற்பம். அதில் மணப்பது கார்வோன் என்னும் வேறு பொருள். இந்தக் கார்வோனின் மூலக்கூறைக் கண்ணாடியில் காட்டினால் எதிரே தெரியும் பிம்பம் எதுவோ, இடம் வலம் மாறிய அந்த வடிவம் சதகுப்பை விதையில் இருக்கிறது. அணுக்கள் அத்தனையும் அதே, அடுக்கு மட்டும் திரும்பியது. மூக்குக்கோ இரண்டும் இரண்டு பொருள். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் பிரியாணிக்கும் மற்றவர் பிள்ளை பெற்றவளின் மருந்துக்கும் போய்ச் சேர்ந்த கதை வேதியியலில் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நட்டியல்

விதையா, தண்டா என்று மாணாக்கர் கேட்பர். தண்டே என்க. விதையில் முளைப்பது தாயின் மணத்தோடு வரும் என்று யாரும் பொறுப்பேற்க முடியாது. மிளகுப் புதினாவுக்கு அந்த வழியே அடைபட்டது: அது நீர்ப் புதினாவும் நம் சமையல் புதினாவும் கலந்து பிறந்த மலடு, தண்டு தண்டாகவே உலகம் சுற்றிவந்திருக்கிறது.

கட்டிலிருந்து தண்டைத் தேர்வது ஒரு கலை. கீரைக்கார அம்மாவின் வாக்கு இது: "கொழுந்தா இருக்கறத வைக்காதீங்க, அழுகிப்போவும். ரொம்ப முத்துனதும் வேணாம். கட்டுக்கு நடுவுல கையில எடுத்தா வெறப்பா நிக்கும் பாருங்க, அத வைங்க." அப்படி விறைத்து நிற்கும் தண்டை ஒரு சாண் அளவுக்கு, கணுவுக்குக் கீழே வெட்டிக்கொள்ள வேண்டும். மேலே நாலைந்து இலைகளை விட்டுவிட்டு மற்றவற்றை உருவிவிட வேண்டும். வேர் கணுவிலிருந்து வருவதால் இரண்டு கணுவாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். ஆனால் இலை தண்ணீருக்குள் இருக்கக் கூடாது, இருந்தால் அழுகி மற்றதையும் கெடுக்கும். கண்ணாடி டம்ளரில், வெளிச்சம் வரும் ஆனால் வெயில் விழாத சன்னலில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் தொங்கும். நேரே மண்ணிலும் சாய்த்து நடலாம். அதற்கு நிழலும் பொறுமையும் வேண்டும்.

டம்ளர் முறையின் ஆபத்து வேர் வந்த பிறகு தொடங்குகிறது. வேர் அழகாக இருக்கிறது. விருந்தினருக்குக் காட்டலாம். படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடலாம். வேர் விரலளவு வந்ததும் மண்ணுக்கு மாற்றியிருக்க வேண்டிய செடி, வாரக்கணக்கில் சன்னலிலேயே கொலுவிருக்கிறது. தண்ணீரில் வளர்ந்த வேர் நீளநீளப் பிறகு மண்ணுக்குப் பழகச் சிரமப்படுகிறது. மரியாதையால் வரும் முதல் கேடு இது.

திருடி நட்டால்தான் தழைக்கும் என்றொரு கோட்பாடு வழங்கிவருகிறது. மணி பிளான்ட்டுக்குச் சொல்லப்பட்டது புதினாவுக்கும் நீட்டிக்கப்பட்டது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவார் உளர். அது பொருந்தாது. சந்தைக் கட்டு அறுவடையாகி, சாக்கில் ஏறி, வண்டியில் வெந்து, தண்ணீர் தெளிக்கப்பட்டு நம் கைக்கு வருகிறது. பக்கத்து வீட்டுத் தொட்டியில் யாரும் பார்க்காத நேரத்தில் கிள்ளிய தண்டோ ஐந்து நிமிடத்தில் நம் மண்ணில் இருக்கிறது. தவிரவும், திருடுகிறவர் வதங்கியதைத் திருடுவதில்லை. நல்லதாகப் பார்த்தே கிள்ளுகிறார். பயத்தில் விரைவாகவும் நடுகிறார். ஆக, திருட்டு நாற்று தழைப்பதற்குக் காரணம் பாவம் அன்று, புதுமை என்க. கேட்டு வாங்கிய நாற்றும் இதே அளவுக்குத் தழைக்கும். ஆனால் கேட்டு வாங்கப் போனால் காபி குடித்துவிட்டுத்தான் வர வேண்டும். அதற்குள் தண்டு வாடிவிடுகிறது.

இடவியல்

புதினாவுக்கு எந்தத் திணை? முதற்பொருளில் தொடங்குவோம். நிலம், அகலமான தொட்டி. புதினாவின் வேர் ஆழம் தேடுவதில்லை; மண்ணுக்கு மேலும் சற்றே கீழும் படுக்கைவாட்டில் தண்டு ஓடும், ஓடும் வழியில் கணுதோறும் வேர்விடும். உயரமான ஒடுங்கிய தொட்டி அதற்குப் பயனில்லாத கிணறு. அரையடி, முக்காலடி ஆழமும் கை விரித்த அகலமும் போதும். பழக்கடைத் தெர்மோகோல் பெட்டி, விளிம்பு விண்ட பிளாஸ்டிக் டப்பு, அரிசிச் சாக்கு எல்லாம் தகும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. செம்மண், மக்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சமமாகக் கலந்துகொள்ளலாம். பொழுது, காலை வெயில் நாலைந்து மணி நேரம். உச்சிக்குப் பிறகு நிழல்.

கருப்பொருள்: தெய்வம் தண்ணீர் மோட்டார்; பறை குக்கர் விசில்; புள் புறா; விலங்கு தொட்டி மண்ணைப் பஞ்சணை என்று கருதும் பூனை; உணவு துவையல், பிரியாணி, எலுமிச்சைச் சாறு. உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். நட்டவர் காத்திருக்கிறார். ஒன்றரை, இரண்டு மாதம் வரை நல்ல அறுப்புக்கு வராது.

சித்திரை வந்ததும் எல்லாம் பாலையாகும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மொட்டைமாடியும் அப்படியே திரியும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் தளம் கொதிக்கிறது. பிளாஸ்டிக் தொட்டி சூடேறி வேர் அவிகிறது. அப்போது பச்சை வலைக்கு அடியிலோ, வேறு பெரிய செடியின் நிழலிலோ, தரையோடு ஒட்டாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நேர்கீழே வைப்பது அடுக்குமாடிவாசிகள் கண்ட புதுநெறி. எந்த மாதத்தில் செடிக்குத் தாகம் அதிகமோ அந்த மாதத்தில்தான் ஏசியும் அதிகம் ஓடுகிறது. இந்தப் பொருத்தத்தைத் திட்டமிட்டுச் செய்திருந்தால் பொறியாளர் யாருக்காவது விருது கொடுத்திருப்பார்கள். வெளிப்பெட்டியின் சூட்டுக் காற்று இலையில் அடிக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்க.

நீரியல்

ஈரம் வேண்டும், தேக்கம் வேண்டா.

இதற்கு உரை தேவையில்லை. ஆனாலும் இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாததால் செத்த செடிகள் ஏராளம். விரலை முதற்கணு வரை மண்ணில் விடுங்கள். ஒட்டினால் வேண்டாம், ஒட்டாவிட்டால் ஊற்றுங்கள். 'தினமும் காலையும் மாலையும் தவறாமல் ஊற்றினேன்' என்று சொல்பவர் தம் ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்கிறார். செடியைப் பற்றி அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தட்டை எடுத்துவிட வேண்டும். தட்டில் நிற்கும் தண்ணீரில் வேர் அழுகும், கொசுவும் குடும்பம் நடத்தும்.

உரவியல்

மாதம் ஒரு பிடி மண்புழு உரம். மிகுந்தால் இலை பெருக்கும், மணம் குறையும். இவ்வியல் முற்றிற்று.

வெட்டியல்

பறியா தொழியின் படுமே, பறிப்பின்
இரண்டாய்க் கிளைக்கும் என்மனார் பாட்டியர்.

இந்நூலின் உயிர்நிலை இது. படும் என்றது சாகும் என்றவாறு.

ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஒரு குருத்து இருக்கிறது. அது தன்னைத் தவிர யாரையும் வளரவிடாது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில், முளையின் நுனியில் ஒளி பட்டால் ஏதோ ஒரு செய்தி கீழே இறங்கி அங்கே வளைவை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அந்தச் செய்தியின் பெயர் ஆக்ஸின் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அதே ஆக்ஸின்தான் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டுகளைத் தலையெடுக்கவிடாமல் செய்கிறது. பள்ளிப் பாடநூல் இதை நுனி ஆதிக்கம் என்கிறது. கட்சி அரசியல் பழகியவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. உச்சியைக் கிள்ளினால் ஆட்சி கலைகிறது. கிள்ளிய இடத்துக்குக் கீழே உள்ள இரண்டு இலைக்கக்கங்களிலிருந்தும் இரண்டு கிளைகள் புறப்படுகின்றன. அவற்றின் உச்சியையும் கிள்ளினால் நான்கு, பிறகு எட்டு. இப்படியே பத்து முறை கிள்ளினால் ஒரே தண்டிலிருந்து 1,024 நுனிகள் வந்தாக வேண்டும். கணிதத்தில் பிழை இல்லை. ஐந்தாம் கிள்ளலுக்குள் பூனை வந்துவிடுகிறது என்பதைக் கணிதம் கணக்கில் எடுக்கவில்லை.

கிள்ளாவிட்டால் என்ன ஆகும்? தண்டு ஒற்றையாய் நெட்டையாய் வளரும். கீழிலைகள் மஞ்சளாகி உதிரும். பாரம் தாங்காமல் விளிம்புக்கு வெளியே தொங்கும். உள்ளே ஓடுதண்டுகள் தொட்டிச் சுவரில் முட்டிச் சுற்றிச் சுற்றி ஓடி, மண்ணே இல்லாமல் வேராகவே நிறையும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓரமாய் ஓடிவிடும். ஒரு நாள் காலையில் பார்த்தால் கம்பி கம்பியாய் நான்கு குச்சிகள் நிற்கும்.

இந்த முடிவு கவனக்குறைவால் வருவதில்லை, கவனத்தால் வருகிறது. 'இப்பத்தான் துளிர்த்திருக்கு, பாவம்' என்று முதல் மாதம் விடுகிறார்கள். 'இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகட்டும்' என்று இரண்டாம் மாதம். அதற்குள் யாராவது வந்து, 'அட, வீட்டுலயே போட்டிருக்கீங்களா!' என்று வியந்துவிட்டால் செடியின் விதி முடிந்தது. அது காட்சிப்பொருளாகிவிடுகிறது. துவையலுக்குக் கடையில் இன்னொரு கட்டு வாங்குகிறார்கள். மாடியில் புதினா இருக்கும்போதே கீழே கடைப் புதினா அரைபடும் வீடுகள் இருக்கின்றன. அங்கெல்லாம் மாடிப் புதினாவின் நாள் எண்ணப்படுகிறது.

இலை இலையாகப் பறிப்பவர்கள் தனிப் பிரிவினர். தண்டுக்கு வலிக்கக் கூடாது என்று கீழே இருக்கும் பெரிய இலையாகப் பார்த்து ஒன்றிரண்டு எடுப்பார்கள். இதனால் நுனி ஆதிக்கம் குலையாது. உணவு தயாரிக்கும் இலை போய்விடும். தேநீருக்கு இரண்டு இலை போதும் என்றாலும், நுனியோடு சேர்த்துக் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுவதே முறை.

பெரிய அறுப்பு என்றால் மண்ணிலிருந்து இரண்டு கணு விட்டு முழுவதையும் மொட்டையடித்துவிட வேண்டும். பார்க்க மனம் பதறும். மேலே கொஞ்சம் மண்புழு உரம் தூவித் தண்ணீர் விட்டால் இரண்டு வாரத்தில் தொட்டி மறுபடி மூடிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதம் நல்லது, தொட்டியைக் கவிழ்த்து, வேர்க்கட்டியைப் பழைய கத்தியால் நாலாக அறுத்து, நடுவில் முற்றிக் கட்டையானதை எறிந்துவிட்டு, ஓரத்து இளந்துண்டுகளைப் புது மண்ணில் வைக்க வேண்டும்.

கிரேக்கப் புராணத்தில் ஒரு சான்று கிடைக்கிறது. மிந்தே என்னும் நீர்மகளைப் பாதாள அரசன் ஹேடீஸ் விரும்பினான். அவன் மனைவி பெர்செபனி சினம் கொண்டு அவளைக் காலால் மிதித்துத் துவைக்க, மிந்தே புதினாவானாள் என்பது கதை. பண்டைய நிலநூலாசிரியர் ஸ்டிராபோ, பைலோஸ் ஊருக்கு அருகே அவள் பெயரால் ஒரு மலை இருப்பதாகவும் குறித்திருக்கிறார். இக்கதையை இலக்கியவாணர் சோகமாகவே வாசித்துவந்துள்ளனர். தோட்டக்கலை நோக்கில் பெர்செபனி செய்தது வேறு. புதினாத் தண்டை மிதித்து மண்ணில் அழுத்தினால் கணுதோறும் வேர்விட்டுப் பரவும். போட்டிக்காரியை ஒழிக்க நினைத்தவள் அவளுக்குப் பதியன் போட்டிருக்கிறாள். மேசைமேல் வைத்துப் பாராட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

பகையியல்

பகை மூவகைப்படும் என்பர். இலைக்கடியில் வெள்ளையாய் மொய்ப்பது, இலையை ஓட்டை போடுவது, இலைக்கடியில் செம்பழுப்புத் தூளாய்ப் படிவது.

வெள்ளையில் மாவுப்பூச்சியும் உண்டு, வெள்ளை ஈயும் உண்டு. மாவுப்பூச்சி இருந்தால் எறும்பைத் தேடுங்கள். அது சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்து மேய்க்கிறது. எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சியோடு மட்டும் போராடுவது மேய்ப்பனை விட்டு மாட்டை விரட்டும் வேலை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பின் இலைக்கடியில் படும்படி தெளிப்பு. அடித்த கையோடு பறித்துத் துவையல் அரைத்தால் துவையல் எப்படி இருக்கும் என்பதை வாசகர் கற்பனைக்கு விடுகிறேன்.

ஓட்டை போடுவது பச்சைப் புழு. இலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் படாது. கீழிலைமேல் கருமணி கருமணியாய் எச்சம் கிடந்தால் நேர்மேலே பாருங்கள், இருப்பார். செம்பழுப்புத் தூள் துரு நோய், அது பூஞ்சை. அதற்கும் மருந்து கத்தரிக்கோலே. பட்ட தண்டுகளை அடியோடு வெட்டித் தொலைவில் போட்டுவிட்டால் புதுத் துளிர் பெரும்பாலும் சுத்தமாக வரும்.

புதினா வைத்தால் கொசு வராது என்பது பரவலான நம்பிக்கை. காய்ச்சி வடித்த எண்ணெய்க்குக் கொசுவை விரட்டும் குணம் ஓரளவு உண்டு. செடி சும்மா நிற்பதால் கொசு ஓடாது. அதன் இலைக்கடியில் நிழலுக்கு ஒதுங்கும் கொசுவை யார் வேண்டுமானாலும் மாலையில் போய்ப் பார்க்கலாம்.

நில உரிமையியல்

இன்னொருவர் நிலத்தில் ஒருவர் வெளிப்படையாக, தட்டிக் கேட்க ஆளில்லாமல், 12 ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டால் உரிமையாளர் வழக்குப் போடும் உரிமையை இழக்கிறார் என்பது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். புதினாவுக்கு 12 வாரம் போதும். ரோஜாத் தொட்டியின் ஓரத்தில் 'இருக்கட்டுமே' என்று ஒரு தண்டைச் செருகுங்கள். முதல் மாதம் பணிவாக இருக்கும். இரண்டாம் மாதம் மண்ணுக்கடியில் ஓடும். மூன்றாம் மாதம் ரோஜா குடியிருப்பவர், புதினா வீட்டுக்காரர். பக்கத்துத் தொட்டி ஒட்டி இருந்தால் விளிம்பின்மேல் கைபோட்டு அங்கும் ஒரு கணுவை ஊன்றும். ஆகவே புதினாவைத் தனித் தொட்டியில் வைப்பதும், தொட்டிகளுக்கிடையே ஒரு சாண் புறம்போக்கு விடுவதும் கட்டாயம். தோட்டத்து மண்ணிலேயே வைப்பவர் அடி நீக்கிய வாளியைப் புதைத்து அதற்குள் நடுக. விளிம்பு தரைக்கு மேல் இரண்டு விரல் தெரிய வேண்டும்.

பொருளியல்

தொட்டி, மண், உரம், வேப்பெண்ணெய், பச்சை வலை எல்லாவற்றையும் கூட்டினால் வருவது கட்டுப் புதினாவாக எத்தனையோ மாதத்துக்கு ஆகும் என்று எதிர்வாதிகள் கணக்குக் காட்டுவர். கணக்கு சரிதான். ஆனால் சமையலில் புதினா கட்டாகத் தேவைப்படுவது பிரியாணியன்று மட்டுமே. மற்ற நாளெல்லாம் தேவை ஒரு கைப்பிடி. கடையில் ஒரு கைப்பிடி விற்பதில்லை. மிச்சக் கட்டு குளிர்பெட்டியின் அடித்தட்டில் நாளிதழில் சுற்றப்பட்டுக் கருத்துக் குழைந்து முடிகிறது. தொட்டியில் இருப்பதற்கு அந்தக் கதி இல்லை. பிரியாணிக்கு வீட்டுத் தொட்டி போதுமா எனின், போதாது; அந்த ஆசையை விட்டுவிடுக. ஐந்து பேருக்குத் துவையலே ஒரு தொட்டியை மொட்டையடித்துவிடும்.

பாட ஆராய்ச்சியியல்

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கை மாறி மாறி எழுதியதில் ஏட்டுக்கு ஏடு எழுத்து மாறியிருந்தது. புதினாவில் அந்தத் தொல்லை இல்லை. தண்டிலிருந்து தண்டாக வருவதால் ஒவ்வொரு செடியும் தாயின் அச்சுப்பிரதி. தாய் யார் என்று கண்டுபிடிப்பதும் அதனாலேயே முடியாத காரியம்.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. கோடையில் யார் வீட்டுத் தொட்டி போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே நன்றாக இருக்கும் நாளிலேயே நாலு வீட்டுக்குத் தண்டு கொடுத்து வைப்பது அறிவுடைமை. நம்முடையது கருகினால் அவர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் அடுக்ககத்தில் இந்த முறை நெடுநாளாக நடக்கிறது. எல்லார் மாடியிலும் மணப்பது ஒரே செடி. இந்நூலுக்காக மூலப்பிரதியைத் தேடினேன். முதல் மாடி அக்கா, தமக்கு எதிர்வீட்டிலிருந்து வந்தது என்றார். எதிர்வீட்டார் மூன்றாம் மாடித் தாத்தாவைக் கைகாட்டினார்கள். தாத்தா யோசித்துவிட்டு, கீழ்வீட்டு மாமி கொடுத்தது என்றார். மாமியிடம் போய்க் கேட்டேன்.

"என்ன கேக்கறேள்? உங்காத்துலேர்ந்து வாங்கிண்டு வந்ததுதானே அது!"